பார்ட்னர்-சான்

காலை ஐந்தரை மணிக்கு உழவர்கரையில் பால்காரர்கூட வந்திருக்க மாட்டார். டோக்கியோவில் அப்போது மணி ஒன்பது. கீழே கைலி, மேலே காலர் சட்டையோடு மாடியறையில் கேமராவுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "பார்ட்னர்-சான், ஓஹாயோ கொசைமாஸு." பார்ட்னர் அவர்களே, காலை வணக்கம்.

முதல் ஆறு மாதம் இது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "ஜப்பான்காரன் என்னைப் பங்குதாரர்னு கூப்புடுறாம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப லாபத்துல பங்கு தருவானா?" என்று கேட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

ஜப்பானிய மென்பொருள் உலகில் 'பார்ட்னர் கம்பெனி' என்றால் உள்ஒப்பந்தக்காரன் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வாடிக்கையாளரிடம் நேரடியாக வேலை வாங்குகிறவர் மோட்டோஉகே. அவரிடம் வாங்குகிறவர் ஷிதாஉகே. அவருக்கும் கீழே இருப்பவர் மாகோஉகே. 'மாகோ' என்றால் பேரப்பிள்ளை. மூலக்குளத்தில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பதினாலு பேர் ஆபீஸ், அந்தக் கணக்கில், ஒரு பேரப்பிள்ளை. இதையெல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதையில்லை அல்லவா? அதனால்தான் பார்ட்னர்-சான்.

இப்போது இதை எழுத வைத்தது போன வருஷம், 2025 ஆகஸ்டில், யோகோஹாமாவில் நடந்த டிகாட் மாநாடு. ஆப்பிரிக்க வளர்ச்சிக்காக ஜப்பான் 1993 முதல் நடத்திவரும் மாநாட்டின் ஒன்பதாவது கூட்டம் அது. ஆரம்பம் முதல் அதன் தாரக மந்திரமாக இரண்டு சொற்கள் உண்டு: ஆப்பிரிக்காவின் 'ஓனர்ஷிப்', உலகத்தின் 'பார்ட்னர்ஷிப்'. இரண்டாவது சொல்லைக் கேட்டதும் எனக்குக் கைலியும் காலர் சட்டையும் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் ஒரே ஜப்பான் புராணம். "சீனாக்காரன் கடனைக் குடுத்துத் துறைமுகத்தை எழுதி வாங்கிக்குவான் மச்சி. ஜப்பான்காரன் கடன் குடுத்தாலும் கண்ணியமாக் குடுப்பான், கத்துக்குடுத்துட்டுப் போவான்." இதை எழுதியவன் சென்னை மெட்ரோவில் தினமும் போகிறவன். மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு 2008இலிருந்து ஜைக்கா கடன் கொடுத்தது. அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமும் ஜப்பான் கடனில் வந்ததுதான். புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாக வளர்ந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு 2013 முதல் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் 'கண்ணியம்' கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டிய சரக்கு. மச்சிக்காக ஒரு கணக்கு.

யென் கடனின் கவர்ச்சி வட்டியில் இருக்கிறது. மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு 0.1 சதவீத வட்டி, ஐம்பது ஆண்டுத் தவணை. ஏறக்குறைய இனாம். ஆனால் திருப்பிக் கட்ட வேண்டியது யென்னில். 2007இல் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்று யென். 2012இல் ஒன்றரை யென். அதாவது முதல் வருஷத்தில் நூறு ரூபாய் மதிப்புக்கு வாங்கிய கடன், ஒரு பைசா வட்டி இல்லாமலே ஐந்து வருஷத்தில் இருநூறு ரூபாய். அப்புறம் யென் இறங்கியது, நாம் பிழைத்தோம். அது டோக்கியோவின் பணக்கொள்கையால் நடந்தது, நம் சாமர்த்தியத்தால் இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தை இந்தியா மாதிரி பெரிய கஜானா தாங்கும். ஜாம்பியாவின் குவாச்சா தாங்குமா?

அடுத்தது, அந்தப் பணம் எங்கே போகிறது? 'ஸ்டெப்' என்று ஒரு கடன் வகை வைத்திருக்கிறார்கள். முதன்மை ஒப்பந்ததாரர் ஜப்பானிய நிறுவனமாக இருக்க வேண்டும், ஒப்பந்த மதிப்பில் குறைந்தது முப்பது சதவீதத்துக்கு ஜப்பானியச் சரக்கும் சேவையும் வாங்க வேண்டும். கொழும்பு இலகு ரயிலுக்கு 2019இல் கையெழுத்தானது இந்த வகைக் கடன்தான். அடுத்த வருஷமே கோத்தபய அரசு திட்டத்தை ரத்து செய்தது. ரத்து செய்தது முட்டாள்தனம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையைப் பற்றித் தமிழில் வந்த எதிலும் இந்த முப்பது சதவீதத்தை நான் படிக்கவில்லை. நம் ஆட்களுக்கு ஜப்பான் என்றால் சுத்தமான தெரு, நேரம் தவறாத ரயில், ஹிரோஷிமா. கடன் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?

இதெல்லாம் சதி என்று நான் சொல்லவில்லை. தன் நாட்டுக் கம்பெனிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒரு அரசு நினைப்பது சகஜம். எனக்கு எரிச்சல் அதைக் கூட்டாண்மை என்று கூப்பிடும்போது வருகிறது. வியாபாரத்தை வியாபாரம் என்று சொன்னால் எதிராளி விலை பேசுவான். நட்பு என்று சொன்னால் கூச்சப்பட்டுச் சும்மா இருப்பான். காலை ஐந்தரை மணிக்கு நானும் அப்படித்தான் சும்மா இருக்கிறேன்.

விலை பேசுவது என்றதும் எங்கள் ஊர்க்கதை ஒன்று. புதுச்சேரிக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியைச் சுற்றியிருந்த ஊர்களில் நெய்து, அவுரியில் முக்கி எடுத்த நீலத்துணி ஒன்று கப்பலேறியது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள், கினியாத் துணி. பிரான்ஸுக்குப் போய் அங்கிருந்து செனகல் போனது. செனகல் ஆற்றங்கரையில் அது வெறும் துணி இல்லை, காசு. பாலைவனத்து மூர் வணிகர்கள் கருவேலம் பிசினைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், இத்தனை துண்டுத் துணிக்கு இவ்வளவு பிசின் என்று கணக்கு. அந்தப் பிசின் பிரான்ஸின் அச்சுத்துணி ஆலைகளுக்குப் போகும். நம் அவுரி, அவர்கள் பிசின், நடுவில் போர்தோ வணிகனின் லாபம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்தத் துணிக்கு ஐரோப்பாவிலேயே போலி செய்து பார்த்தார்கள். அது செனகலில் எடுபடவில்லை. வாங்குகிறவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், புதுச்சேரித் துணி இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள். கசுவோ கோபயாஷி என்ற ஜப்பானிய வரலாற்றாய்வாளர் இந்த வணிகத்தைப் பற்றி 2019இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க நுகர்வோரின் ரசனைதான் இந்த வணிகத்தின் போக்கைத் தீர்மானித்தது என்பது அவருடைய வாதம். இதை ரொம்பவும் ரொமான்டிக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பிசினைச் சேகரித்தவர்கள் அடிமைகள். ஆனாலும் ஆற்றங்கரையில் நின்று "இது வேண்டாம், அது கொண்டா" என்று சொன்ன ஒரு ஆப்பிரிக்கக் கை அங்கே இருந்தது. அதை அன்றைக்கு யாரும் பார்ட்னர் என்று அழைக்கவில்லை.

அந்தக் கை இன்றைக்கு எங்கே? பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் வணிகம் செய்ய 1887இல் மார்செய்யில் தொடங்கப்பட்ட கம்பெனி சி.எஃப்.ஏ.ஓ. காலனி ஆட்சி போயிற்று, கம்பெனி போகவில்லை. கார், மருந்து, பல்பொருள் அங்காடி என்று வளர்ந்தது. 2012இல் அதை வாங்கியது டொயோட்டா சூஷோ, டொயோட்டா குழுமத்தின் வணிக நிறுவனம். ஜப்பானின் ஆப்பிரிக்கத் தனியார் முதலீட்டில் பெரிதாகக் காட்டப்படும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. அதாவது புதிய கூட்டாளி உள்ளே நுழைந்தது பழைய காலனிக் கம்பெனியின் வாசல் வழியாக. 1962இல் சட்டப்படி பிரான்ஸ் கைவிட்ட ஊரில் பிறந்த எனக்கு அந்த வாசல் கொஞ்சம் பழக்கமானது.

டிகாட்டில் வாக்குறுதியின் மொழியும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 'உதவி' என்றார்கள். 2016இல் நைரோபியில் ஷின்சோ ஆபே மூன்று ஆண்டில் 3,000 கோடி டாலர் என்றார், அரசுப் பணமும் தனியார் பணமும் சேர்த்து. 2019இல் தனியார் முதலீடு மட்டும் மூன்று ஆண்டில் 2,000 கோடி டாலர். 2022இல் துனிஸில் மறுபடி 3,000 கோடி, மறுபடி சேர்த்து. கம்பெனி எங்கே, எப்போது பணம் போடும் என்பதை எந்தப் பிரதமரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் கூட்டிச் சொல்லலாம், தலைப்புச் செய்தி பெரிதாக வரும். இது நமக்குத் தெரியாத வித்தையா? சென்னையில் முதலீட்டாளர் மாநாடு முடிந்த அன்றைக்கு வரும் லட்சம் கோடிகளை நாம் பார்க்காததா?

தமிழ்நாட்டுக்கும் ஜப்பானுக்கும் நடந்த ஒரு கதையை மச்சி படித்தே ஆக வேண்டும். 2008இல் ரெனோ–நிசான் ஆலைக்காகத் தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. நீங்கள் ஒரகடத்தில் ஆலை கட்டுங்கள், வரி திரும்ப வரும், இன்னின்ன சலுகை உண்டு. 2010இல் ஆலை திறந்தது. பிரான்ஸும் ஜப்பானும் ஒரே கூரைக்குக் கீழே. பிறகு சலுகைப் பணம் முழுதாக வரவில்லை என்றது நிசான். 2016இல் பிரதமருக்கு நோட்டீஸ், அடுத்த வருஷம் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம். கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்தச் சட்டப்படி? 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தப்படி. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், கூட்டாண்மை. 2020இல் சமரசத்தில் முடிந்தது.

அரசு வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், கம்பெனி கேட்டது தவறில்லை. நான் சொல்ல வருவது வேறு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. அதே ஒரகடம் ஆலையில் தொழிலாளர் சங்கம் இடைவெளி விதிகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலைநிறுத்தம் என்று எச்சரித்த பிறகு ஆலை சில நாட்கள் மூடப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிப்பணம் தாமதமானால் கம்பெனி ஒரு இறையாண்மை நாட்டையே சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம், அதற்கு ஒப்பந்தத்தில் கதவு வைத்திருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறவனுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அவன் உள்ளூர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும், அதுவும் பெருந்தொற்றுக்கு நடுவில். 2025 மார்ச்சில் நிசான் தன் 51 சதவீதப் பங்கையும் ரெனோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். கூட்டாளிகள் பிரியலாம், சேரலாம். அசெம்பிளி லைனில் நிற்பவன் அங்கேயே நிற்கிறான்.

ஆப்பிரிக்காவில் இதே கதை நிலத்தில் நடந்தது. 2009இல் ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் மூன்றும் சேர்ந்து 'ப்ரோசவானா' என்ற திட்டத்தைத் தொடங்கின. பிரேசிலின் செராடோ புல்வெளியைச் சோயா வயலாக்கிய அனுபவத்தை மொசாம்பிக்கின் நக்காலா வழித்தடத்துக்குக் கொண்டுவருவது, தனியார் முதலீட்டை வரவழைப்பது. பவர்பாயிண்டில் பார்த்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 'காலி நிலம்' என்று வரைபடத்தில் தெரிந்த இடத்தில் உழவர்கள் இருந்தார்கள், மரவள்ளியும் சோளமும் போட்டுக்கொண்டு. திட்ட அறிக்கை கசிந்துதான் அவர்களுக்குத் தெரிந்தது. 2013இல் மொசாம்பிக்கின் விவசாயிகள் சங்கமும் பிற அமைப்புகளும் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதின, நிறுத்துங்கள் என்று. ஜப்பானிலேயே சில குடிமக்கள் அமைப்புகள் அவர்களோடு நின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன். 2020இல் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. பதினொரு வருஷம்! பங்காளி என்று காகிதத்தில் எழுதப்பட்டவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இத்தனை போராட்டம்.

எங்கள் ஊர்ப் பெயர் உழவர்கரை. இன்றைக்கு இங்கே உழவரைத் தேடத்தான் வேண்டும், கரை எது என்று எனக்கே தெரியாது. வயல் எப்போது மனையாயிற்று, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று என் தலைமுறையில் யாராலும் சொல்ல முடியாது. நக்காலாக்காரர்கள் சொல்வார்கள், தேதியோடு. அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி.

"அப்ப வெளிநாட்டுப் பணமே வேணாங்குறியா?" என்று மச்சி கேட்பான். இங்கேதான் எனக்கு இன்னொரு பக்கத்தோடும் சண்டை. எல்லா முதலீடும் காலனியம் என்று ஒற்றை வரியில் முடிக்கிற தோழர்களே, நம் கையைக் கொஞ்சம் முகர்ந்து பார்ப்போம். மொசாம்பிக்கின் வடக்கே கபோ டெல்காடோ கடலில் ஒரு எரிவாயுத் திட்டம். நடத்துவது பிரான்ஸின் டோட்டல்எனர்ஜிஸ். மிட்சுயியும் ஜப்பான் அரசு நிறுவனமும் சேர்ந்து 20 சதவீதம். இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 30 சதவீதம், அதில் 10 சதவீதம் பாரத் பெட்ரோலியத்தின் துணை நிறுவனத்துக்கு. நான் பைக்குக்குப் பெட்ரோல் போடுவது பாரத் பங்க்கில். அந்தத் திட்டத்துக்காகக் கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2021 மார்ச்சில் பக்கத்துப் பால்மா நகரத்தை ஆயுதக்குழு தாக்கியதும் திட்டம் பல வருஷம் நின்றது. எத்தியோப்பியாவின் கம்பெல்லாவில் ஒரு லட்சம் ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது பெங்களூரு கரத்தூரி நிறுவனம், சொன்னபடி விவசாயம் நடக்கவில்லை என்று 2015 இறுதியில் அந்த அரசு ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் நாம் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. 2017இல் இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து 'ஆசிய–ஆப்பிரிக்க வளர்ச்சி வழித்தடம்' என்று ஒன்றை அறிவித்தன, காந்திநகரில். இப்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடுங்கள்.

எனக்கு முதலீடு வேண்டும். என் தாத்தாவின் சோறு வெளிநாட்டு முதலீட்டில் வந்தது. அவர் புதுச்சேரியில் மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று இங்கே ஆலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தாத்தா அப்போது சின்னப் பையன். பிற்பாடு வேலைக்குப் போனபோது அந்த எட்டு மணி நேரம் அவருக்குத் தயாராக இருந்தது. முதலாளியின் கூட்டாண்மை உணர்வில் அது வரவில்லை. ஆலைகளும் இப்போது ஓடவில்லை. ஏ.எஃப்.டி.யை 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

நான் கேட்பது ரொம்பச் சாதாரணம். கடனோ முதலீடோ, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னாலேயே அந்த ஊர் மொழியில் வெளியே வர வேண்டும். ஒரகடத்துக்குத் தமிழில், நம்புலாவுக்கு மக்குவா மொழியில். கம்பெனிக்குத் தீர்ப்பாயக் கதவு உண்டென்றால் அதே கதவு தொழிலாளிக்கும் நிலத்துக்காரனுக்கும் திறக்க வேண்டும். அடுத்த வாக்குறுதி சொல்வதற்கு முன்னால், போன வாக்குறுதியில் அரசுப் பணம் எவ்வளவு வந்தது, தனியார் பணம் எவ்வளவு வந்தது என்று தனித்தனியே சொல்ல வேண்டும். இதில் எது ஜப்பானுக்குத் தெரியாத சமாச்சாரம்? தன் நாட்டுக்குள் அவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1956இலிருந்து அங்கே உள்ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, சரக்கோ வேலையோ பெற்றுக்கொண்ட அறுபது நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். 'ஷிதாஉகே' என்ற சொல் கீழே இருப்பவன் என்று தொனிக்கிறது என்பதால் இந்த 2026 ஜனவரியிலிருந்து சட்டத்தில் அந்தச் சொல்லையே மாற்றிவிட்டார்கள். தன் நாட்டுச் சிறிய கம்பெனிக்குச் சட்டம், கடல் தாண்டியிருக்கும் எனக்குச் சான்.

எங்கள் ஆபீஸில் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். எங்களுக்கு மேலே இருக்கும் கம்பெனி, பெயர் வேண்டாம், நாலு மாதமாக ஒரு இன்வாய்ஸைப் பிடித்து வைத்திருக்கிறது. சம்பளம் போட ஓனர் அண்ணன் நகையை அடகு வைத்தார். போன செவ்வாய்க்கிழமை காலை, வணக்கமெல்லாம் முடிந்ததும், எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அந்த அறுபது நாள் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "கெந்தோ ஷிமாஸு, பார்ட்னர்-சான்." பரிசீலிக்கிறோம் என்று அர்த்தம். அவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அது 'இல்லை' என்று கேட்கும்.

வரும் செவ்வாயும் கேட்பேன்.